நடு இரவில் எழுப்பும் தோள்வலி: முதலில் தூக்கத்தை மீட்போம்

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அம்மாவுக்கு 54 வயது. 11 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. நான்கு மாதங்களாக வலது தோளில் வலி. பகலில் எப்படியோ சமாளித்துவிடுகிறார். இரவு ஒன்றரை, இரண்டு மணிக்கு விழித்து, வலது கையை மடியில் ஏந்தியபடி விடியும்வரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். விழுந்ததாகவோ அடிபட்டதாகவோ நினைவில்லை. வாயுப் பிடிப்பு என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். சுளுக்கு எடுத்தால் சரியாகிவிடும் என்கிறார் மாமா. எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாமா என்று நீங்கள் யோசிக்கிறீர்கள். இன்று இரவு அவர் தூங்க என்ன செய்வது என்பதும் உங்கள் கேள்வி.

நான் 22 ஆண்டுகளாக இயன்முறை மருத்துவராக வேலை பார்க்கிறேன். இந்த வலியோடு வருகிறவர்கள், கையைத் தூக்க முடியவில்லை என்று சொல்வதற்கு முன்பே தூங்க முடியவில்லை என்று சொல்லிவிடுகிறார்கள். கண்ணைப் பார்த்தாலே தெரியும். அதனால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதங்களில் சிகிச்சையின் முதல் இலக்கு அம்மாவின் இரவுத் தூக்கமாக இருக்க வேண்டும். கை எவ்வளவு உயரம் போகிறது என்ற கணக்கைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். இந்த வரிசையை மாற்றி, வலியோடு வலியாகக் கையை முறுக்கித் தூக்கப் பார்க்கிறவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி எனக்குப் பெரிதும் உதவியது: "தலை பின்னிக்கொள்ள முடியவில்லை, தங்கைதான் பின்னிவிடுகிறாள்." தலை பின்ன வேண்டுமானால் கை மேலே போனால் மட்டும் போதாது, தோள் வெளிப்புறமாகத் திரும்பவும் வேண்டும். அப்படித் திரும்புவது முதலில் போய்விடுகிற நோய் ஒன்று இருக்கிறது. அதுதானா என்பதை வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம்.

அம்மாவை நாற்காலியில் நிமிர்ந்து உட்காரச் சொல்லுங்கள். வலது முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கட்டும். முழங்கையை மடித்து, கட்டைவிரல் மேலே பார்க்கும்படி முன்கையை நேராக முன்னால் நீட்டட்டும். முழங்கையை விலாவிலிருந்து எடுக்காமல், அலமாரிக் கதவைத் திறப்பதுபோல முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். எதுவரை போகிறது என்று பாருங்கள். இப்போது அவர் கையைத் தளரவிட, ஒரு கையால் அவருடைய முழங்கையை விலாவோடு பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் மணிக்கட்டைப் பிடித்து நீங்கள் மெதுவாகத் திருப்புங்கள். வலிக்கிறது என்றதும் நிறுத்திவிடுங்கள். பிறகு இடது கையிலும் இதையே செய்து ஒப்பிடுங்கள்.

இடது கை தாராளமாகத் திரும்ப, வலது கை மட்டும் அவர் திருப்பினாலும் நீங்கள் திருப்பினாலும் ஒரே இடத்தில் கட்டிப்போட்டதுபோல நின்றால், கோளாறு பெரும்பாலும் மூட்டைச் சுற்றியுள்ள உறையில் இருக்கிறது. அவருக்குத் திருப்புவதும் தூக்குவதும் வலிக்கிறது, ஆனால் நீங்கள் பிடித்துத் திருப்பினால் கை தாராளமாகப் போகிறது என்றால், மூட்டைச் சுற்றியுள்ள தசைநாண்களில், அதாவது தசையை எலும்போடு பிணைக்கும் நார்களில், கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். மருத்துவரும் இதைத்தான் இன்னும் துல்லியமாகச் செய்து பார்ப்பார். நோயைப் பிரித்தறிய இந்த ஒரு நிமிடச் சோதனை பல ஸ்கேன்களைவிடப் பயன்படுகிறது.

நீங்கள் எழுதியதை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் (வயது, சர்க்கரை, அடிபடாமலே தொடங்கிய வலி, தலை பின்ன முடியாமை, இரவில் கூடுவது) அம்மாவுக்கு இருப்பது ஃப்ரோசன் ஷோல்டர் என்கிற உறைந்த தோள்பட்டையாக இருக்கலாம் என்பது என் கணிப்பு. நேரில் பார்க்காமல் இதற்கு மேல் உறுதி சொல்லக் கூடாது. சொல்லவும் மாட்டேன்.

தோள் மூட்டு அமைப்பிலேயே கொஞ்சம் விசித்திரமானது. பெரிய எலுமிச்சம்பழத்தைச் சிறிய அகல்விளக்கின் மேல் வைத்தால் எப்படி இருக்கும்? மேல்கை எலும்பின் பந்தும் தோளெலும்பின் குழியும் அப்படித்தான் பொருந்தியிருக்கின்றன. குழி ஆழமில்லாததால்தான் கையை எல்லாத் திசையிலும் சுழற்ற முடிகிறது. பந்து நழுவாமல் பார்த்துக்கொள்வது சுற்றியுள்ள நான்கு சிறு தசைகளின் நாண்களும், மூட்டை மூடியிருக்கும் மெல்லிய உறையும். உறைந்த தோள்பட்டையில் இந்த உறையில் அழற்சி வந்து, அது தடித்துச் சுருங்குகிறது. புதுப் பருத்தி ரவிக்கையை முதல் தடவை நனைத்துக் காயவைத்துப் போட்டால் அக்குளில் இறுக்கிப் பிடிக்குமே, அதேபோல. துணி கிழியவில்லை, தையல் விடவில்லை. ஆனால் கையைத் தூக்கினால் இழுக்கிறது. ரவிக்கையின் பின் கொக்கியைப் போடக் கையைப் பின்னால் கொண்டுபோவது, கொடியில் துணி காயப்போடுவது, பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிப்பது என ஒவ்வொன்றாக விட்டுப்போகும்.

1934-இல் இந்த நோய்க்கு உறைந்த தோள் என்று பெயர் வைத்தவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் எர்னஸ்ட் அமோரி காட்மன். வரையறுக்கவும் விளக்கவும் சிகிச்சை தரவும் கடினமான நோய் என்று அவரே ஒப்புக்கொண்டார். ஜப்பானியர்கள் இதைக் கோஜுகாதா, அதாவது ஐம்பது வயதுத் தோள் என்கிறார்கள். பொருத்தமான பெயர்தான். 40 முதல் 60 வயதுக்குள்தான் பெரும்பாலும் வருகிறது, ஆண்களைவிடப் பெண்களுக்குச் சற்று அதிகம். பொதுவாக நூற்றில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு வரக்கூடிய இது, சர்க்கரை நோயாளிகளில் நூற்றில் பத்து முதல் இருபது பேருக்கு வருகிறது. நீண்ட காலம் இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது அது உறையின் நார்ப்புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றை விறைப்பாக்குகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம். தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் அதிகம் வருகிறது. ஆகவே அம்மாவுக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைச் சோதனையும் தைராய்டு சோதனையும் சமீபத்தில் செய்யவில்லை என்றால் இப்போது செய்துவிடுங்கள். தோள்வலிக்கு வந்த இடத்தில் இரத்தம் எதற்கு எடுக்கிறார்கள் என்று பலர் கோபப்படுவதைப் பார்த்திருக்கிறேன். காரணம் இதுதான்.

சரி, ஏன் இரவில்? பகலில் கை தொங்கிக்கொண்டிருக்கிறது. 60 கிலோ எடை உள்ளவரின் ஒரு கை ஏறத்தாழ 3 கிலோ இருக்கும். அந்தப் பாரம் பந்தைக் கீழ்நோக்கி இழுத்து, மேலே உள்ள எலும்புக் கூரைக்கும் பந்துக்கும் நடுவில் நூலிழை இடம் விட்டுவைக்கிறது. படுத்ததும் அந்த இழுவை நின்றுவிடுகிறது. வலிக்கிற பக்கம் ஒருக்களித்தால் உடம்பின் பாரம் நேராக வீங்கிய உறையை அழுத்துகிறது. நல்ல பக்கம் ஒருக்களித்தால் வலிக்கிற கை நெஞ்சைத் தாண்டி முன்னால் சரிந்து, தோளின் பின்புறத்தை இழுக்கிறது. மல்லாந்து படுத்தால் தப்பிக்கலாம் என்று நினைப்பார்கள். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. முதுகு தடிமனானது, மேல்கை மெலிந்தது. அதனால் முழங்கை படுக்கையைத் தொடும்போது தோளைவிடத் தாழ்ந்துவிடுகிறது. பந்து முன்னால் தள்ளி, சுருங்கிப்போன முன்பக்க உறையை மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருக்கிறது. இவற்றோடு, அழற்சியைத் தணிக்கிற கார்டிசால் என்ற சுரப்பு நள்ளிரவை ஒட்டித்தான் உடம்பில் மிகக் குறைவாக இருக்கும். அம்மா ஒன்றரை மணிக்கு விழிப்பது கற்பனையோ பலவீனமோ அல்ல. வீட்டில் உள்ளவர்கள் இதைப் புரிந்துகொண்டாலே அவருக்குப் பாதி ஆறுதல்.

இன்று இரவு செய்ய வேண்டியது இதுதான். பெரிய குளியல் துண்டு ஒன்றை நான்காக மடித்துக்கொள்ளுங்கள். அம்மா மல்லாந்து படுக்கட்டும். பாயில் படுக்கிறவர் என்றால் சில வாரங்களுக்கு மெத்தையிலோ, தடித்த ஜமக்காளத்தை இரண்டு மூன்று மடிப்பாகப் போட்டோ படுக்கட்டும். மடித்த துண்டை வலது மேல்கையின் கீழே, அக்குளை அடுத்த இடத்திலிருந்து முழங்கைவரை நீளவாக்கில் வையுங்கள். பக்கத்தில் குனிந்து பாருங்கள்: முழங்கை, தோளின் முன்பக்கத்துக்குச் சமமாகவோ ஒரு விரற்கடை உயர்ந்தோ தெரிய வேண்டும். தாழ்ந்திருந்தால் இன்னொரு மடிப்பு சேருங்கள். முழங்கை விலாவிலிருந்து ஒரு சாண் விலகியிருக்கட்டும். முன்கையை வயிற்றின் மேல் ஒரு சிறு தலையணை வைத்து அதன்மேல் கிடத்துங்கள். சரியாக வைத்துவிட்டால் அவர் முகத்திலேயே தெரியும். உயர்த்தி இறுக்கிப் பிடித்திருந்த தோள் தானாகக் கீழே இறங்கி, பெருமூச்சு ஒன்று வரும். அந்தப் பெருமூச்சுக்காகத்தான் நான் ஒவ்வொரு நோயாளியிடமும் துண்டை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறேன்.

மல்லாந்து படுத்தால் தூக்கம் வராதவர் என்றால் இடது பக்கம் ஒருக்களிக்கட்டும். நெஞ்சுக்கு முன்னால் ஒரு முழுத் தலையணையை வைத்து, குழந்தையை அணைப்பதுபோல வலது கையை முழுவதும் அதன்மேல் போட்டுக்கொள்ள வேண்டும். மணிக்கட்டு தலையணையைத் தாண்டித் தொங்கக் கூடாது. முதுகுப் பக்கம் இன்னொரு தலையணை வைத்தால் தூக்கத்தில் வலது பக்கம் புரளாமல் தடுக்கும். கையைத் தலைக்குக் கீழே மடித்து வைத்துத் தூங்கும் பழக்கம் இருந்தால் அதை இரண்டு கைகளுக்கும் விட்டுவிட வேண்டும். வலி மிகக் கடுமையாக இருக்கும் வாரங்களில் படுக்கவே முடியாது என்பார்கள். அப்போது சாய்வு நாற்காலியில், அல்லது கட்டில் தலைமாட்டில் தலையணைகளை அடுக்கிப் பாதி சாய்ந்த நிலையில் தூங்குவதில் தவறே இல்லை. என்னிடம் வந்த ஒரு தையற்கார அம்மா ஆறு வாரம் சுவர் மூலையில் அரிசி மூட்டையில் சாய்ந்தே தூங்கினார். அதைச் சொல்லும்போது வெட்கப்பட்டார். மூட்டைக்குப் பதிலாகத் தலையணை, முழங்கைக்குக் கீழே ஒரு மடித்த சேலை என்று மாற்றிக் கொடுத்தேன். வேறு எதையும் மாற்றவில்லை. அந்த வாரமே நான்கு மணிநேரம் சேர்ந்தாற்போல் தூங்கினார்.

படுப்பதற்கு முன் 15 நிமிடம் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றித்தான் வைக்க வேண்டும். சர்க்கரை நோயாளிக்குத் தோலின் உணர்ச்சி குறைந்திருக்கக்கூடும், கொப்பளம் வந்த பிறகுதான் சூடு தெரிந்தது என்று ஆகிவிடும். அதனால் சூட்டை நீங்கள் உங்கள் கன்னத்தில் வைத்துச் சோதியுங்கள். எண்ணெய் தடவி மெதுவாகத் தேய்த்துவிடுவதில் தப்பில்லை, இதமாக இருக்கும். அழுத்திப் பிசைவது வேண்டாம்.

மாத்திரை விஷயத்தில் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஏற்கெனவே கொடுத்த வலி மாத்திரையைக் காலையில் போடாமல் இரவு உணவுக்குப் பின் போடலாமா? பாராசிட்டமால் மட்டும் போதுமா? அம்மாவின் சிறுநீரகமும் இரத்த அழுத்தமும் வலிநிவாரணி மாத்திரைகளைத் தாங்குமா? கடைசிக் கேள்வி மிக முக்கியம். டைக்ளோபினாக், ஐப்யூபுரூஃபன் வகை மாத்திரைகளை மருந்துக் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், வயிற்றில் புண்ணை உண்டாக்கும். பெயர் எழுதாத பொட்டலத்தில் வரும் 'மூட்டுவலிப் பொடி'யைத் தொடவே வேண்டாம். அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. வலி இரண்டே நாளில் மாயமாகும், சர்க்கரை எகிறும்.

ஊசி என்றதும் பயப்படுகிறார்கள். நோயின் முதல் சில மாதங்களில், வலிதான் பெரிய தொல்லையாக இருக்கும்போது, மூட்டுக்குள் போடும் ஒரு ஸ்டீராய்டு ஊசி நல்ல பலன் தருகிறது. சில வாரங்கள் முதல் சில மாதங்கள்வரை வலி தணிந்து, தூக்கம் திரும்புகிறது. அந்த இடைவெளியில் பயிற்சி செய்ய முடிகிறது. வலி போய் விறைப்பு மட்டும் மிஞ்சிய பிறகு போட்டால் அதே ஊசிக்கு அவ்வளவு வேலை இல்லை. ஆகவே தள்ளிப்போட்டுப் பார்க்கலாம் என்ற வழக்கமான அறிவுரை இங்கே பொருந்தாது. அம்மாவுக்கு இது நான்காவது மாதம் என்பதால் இப்போதே பேசிவிடுங்கள். ஊசி போட்ட பின் ஒரு வாரம், சில நேரம் அதற்கு மேலும், சர்க்கரை கூடும். போடுகிற மருத்துவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிய வேண்டும், வீட்டில் தினமும் அளந்து பார்க்க வேண்டும். ஏற்கெனவே சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தால் முதலில் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டுத்தான் ஊசி.

இனி பயிற்சி. வலி மிகுந்த இந்தக் கட்டத்துக்கு மூன்றே போதும்.

முதலாவது காட்மனின் பெயரிலேயே வழங்கும் ஊசல் பயிற்சி. இடது கையை மேசையில் ஊன்றி, இடுப்பை மடித்துக் குனிந்து, வலது கையைக் கிணற்றில் இறக்கிய வாளிபோலத் தளர்வாகத் தொங்கவிட வேண்டும். கையை ஆட்டக் கூடாது. உடம்பை முன்னும் பின்னும் அசைத்தால் கை தானாக ஆடும். ஒரு நிமிடம் முன்பின்னாக, ஒரு நிமிடம் சிறு வட்டமாக. நடு இரவில் வலித்து எழுந்தாலும் இதைச் செய்யலாம். அந்த இழுவை பலருக்கு உடனே இதம் தருகிறது. இரண்டாவது, மேசை துடைப்பது. நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளங்கைக்குக் கீழே ஒரு துணியை வைத்து, மேசைமேல் கையை முன்னால் வழுக்கிக்கொண்டு போய்த் திரும்ப வர வேண்டும். உடம்பும் கூடவே முன்னால் சாயட்டும். மூன்றாவதற்கு ஒரு நீளக் குடை வேண்டும். மல்லாந்து படுத்து, இரண்டு முழங்கைகளையும் விலாவோடு வைத்து, குடையின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு, இடது கையால் தள்ளி வலது கையை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். முதலில் பார்த்த அலமாரிக் கதவு அசைவுதான். ஒவ்வொன்றும் பத்து முறை, காலையும் மாலையும்.

எவ்வளவு தூரம் போவது? இழுக்கிறது என்று தெரிகிற இடம்வரை. பல்லைக் கடிக்கிற இடம்வரை அல்ல. பயிற்சி முடிந்து ஒரு மணிநேரத்துக்குள் வலி பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். அன்று இரவு வழக்கத்தைவிட மோசமாகக் கழிந்தால் மறுநாள் பாதியாகக் குறையுங்கள். இது என் இரக்கத்தினால் சொல்வது மட்டுமல்ல. நெதர்லாந்தில் 77 நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் கவனித்து 2004-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வலியைத் தாண்டாமல் மென்மையாகப் பயிற்சி செய்தவர்களில் 89 விழுக்காட்டினர் ஏறக்குறைய இயல்பான, வலியற்ற தோளைப் பெற்றார்கள். வலியைத் தாண்டி வலுவாக இழுத்துப் பயிற்சி தரப்பட்டவர்களில் அந்த நிலையை அடைந்தவர்கள் 63 விழுக்காடுதான். அதைப் படித்த பிறகு நானும் என் கையை மாற்றிக்கொண்டேன். அதற்கு முன் நான் இழுத்து அழவைத்தவர்களை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது உங்கள் மாமாவுக்கான பதில். தயவுசெய்து சுளுக்கு எடுக்க அழைத்துப் போகாதீர்கள். மூட்டு விலகியிருந்தால் உள்ளே தள்ளுவதில் அர்த்தம் உண்டு, அதையும் படம் பார்த்துத்தான் செய்ய வேண்டும். இங்கே எதுவும் விலகவில்லை, சுருங்கியிருக்கிறது. சுருங்கிய ரவிக்கையைப் போட்டபடியே ஒரே வெட்டாகக் கையைத் தூக்கினால் என்ன ஆகும்? சில ஆண்டுகளுக்கு முன் 58 வயதான ஒருவரை அப்படிக் கையைப் பிடித்து ஒரு திருகு திருகிவிட்டு என்னிடம் அழைத்து வந்தார்கள். மேல்கை எலும்பு, பந்துக்குச் சற்றுக் கீழே முறிந்திருந்தது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு இன்னும் மெலிந்திருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது: வலிக்கிறதே என்று கழுத்தில் தூளி கட்டிக் கையை மாதக்கணக்கில் அசையாமல் வைப்பது. அதுவும் வேண்டாம். இடுப்புக்குக் கீழே உள்ள வேலைகளுக்கு அந்தக் கையைத் தாராளமாகப் பயன்படுத்தட்டும்.

எல்லா இரவுத் தோள்வலியும் உறைந்த தோள்பட்டை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நான் தந்த சோதனையில் நீங்கள் திருப்பும்போது கை தாராளமாகப் போனால், தசைநாண் கோளாறு என்ற பக்கம் யோசிக்க வேண்டும். வெள்ளையடிக்கிறவர்கள், உயரத்தில் சாமான் அடுக்குகிறவர்களிடம் இதை நிறையப் பார்க்கிறேன். கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது பாதி உயரத்தில் சுரீரென்று வலித்து, அதைக் கடந்ததும் குறையும். அந்தப் பக்கம் படுத்தால் இரவில் வலிக்கும். துண்டும் தலையணையும் இதற்கும் பொருந்தும். ஆனால் இதற்கு முக்கியச் சிகிச்சை, நாண்களைப் படிப்படியாக வலுவாக்கும் பயிற்சிதான், குறைந்தது 12 வாரம். கீழே விழுந்த பிறகு கையைத் தானாகத் தூக்கவே முடியவில்லை என்றால் நாண் அறுந்திருக்கலாம். அதை மட்டும் வாரக்கணக்கில் தள்ளிப்போடாமல் எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நேற்றுவரை நன்றாக இருந்தவர் ஒரே இரவில் தோளைத் தொடக்கூட விடாமல் துடித்தால், நாணில் படிந்த சுண்ணாம்புச் சத்து கரையும்போது வரும் வலியாக இருக்கலாம். சாதாரண எக்ஸ்ரேயிலேயே தெரிந்துவிடும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் அடங்கிவிடுகிற வலி அது. கழுத்து நரம்பு அழுந்துவதாலும் தோளில் வலி வரும். அப்போது வலி முழங்கையைத் தாண்டி இறங்கும், விரல்கள் மரத்துப்போகும், கையைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டால் குறையும். உறைந்த தோள் உள்ளவரால் கையைத் தலைமேல் வைக்கவே முடியாது. இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே பல நேரம் பிரித்துவிடலாம். 50 வயதைக் கடந்தவர்களுக்கு இரண்டு தோள்களும் ஒருசேர வலித்து, காலையில் முக்கால் மணிநேரத்துக்கு மேல் விறைப்பு நீடித்தால் இரத்தச் சோதனை தேவைப்படும் வேறு ஒரு அழற்சி நோயாக இருக்கலாம். அதோடு நெற்றிப்பொட்டில் தலைவலியோ பார்வை மங்கலோ சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும், பார்வை போய்விடும் ஆபத்து இருக்கிறது.

தோளில் தெரிந்தாலும் தோளுக்குச் சொந்தமில்லாத வலிகளும் உண்டு. கையை அசைத்தாலும் அசைக்காவிட்டாலும் ஒரே மாதிரி இருக்கிற வலி என்றாலே நான் எச்சரிக்கையாகிவிடுவேன். எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட சில மணிநேரத்தில் வயிற்று வலியோடு வலது தோளும் வலித்தால் பித்தப்பையைச் சோதிக்க வேண்டும். பல ஆண்டுகள் புகைபிடித்தவருக்குத் தோளிலும் தோள்பட்டை எலும்பின் உள்ளோரத்திலும் இரவுபகலாக வலி, உள்ளங்கைத் தசை மெலிவு, ஒரு பக்க இமை தொங்கல் என்று இருந்தால் நுரையீரலின் உச்சியைப் படமெடுக்க வேண்டும். காய்ச்சலோடு மூட்டு சூடாக வீங்கினால் கிருமித்தொற்று, அதே நாளில் மருத்துவமனை. உடல் எடை காரணமின்றிக் குறைவது, முன்பு புற்றுநோய் சிகிச்சை பெற்றிருப்பது ஆகியவற்றை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

உங்கள் அம்மாவை மனத்தில் வைத்து இன்னொன்றும் சொல்கிறேன். சர்க்கரை நோயுள்ள பெண்களுக்கு மாரடைப்பு, நெஞ்சுவலி இல்லாமலே வரலாம். திடீரென்று தோளிலோ கையிலோ தாடையிலோ புது மாதிரியான கனத்த வலி, வியர்வை, மூச்சுத்திணறல், குமட்டல் என்று வந்தால், பழைய தோள்வலிதான் என்று இருந்துவிடாமல் 108-ஐ அழையுங்கள். எந்தத் தோள் என்றும் பார்க்க வேண்டாம்.

எம்.ஆர்.ஐ. இப்போது வேண்டாம் என்பேன். உறைந்த தோள்பட்டையைக் கையால் பரிசோதித்தே கண்டுபிடிக்கலாம். மூட்டுத் தேய்மானமோ வேறு எலும்புக் கோளாறோ இல்லை என்று உறுதிசெய்ய ஓர் எக்ஸ்ரே போதும். அவசரப்பட்டு ஸ்கேன் எடுப்பதில் செலவைத் தவிர இன்னொரு தொல்லையும் இருக்கிறது. வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த 1995-ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வில், 60 வயதைத் தாண்டியவர்களில் பாதிப்பேருக்கு மேல் தசைநாணில் கிழிசல் தெரிந்தது. தோல் சுருங்குவதுபோல நாணும் வயதாகிறது. அறிக்கையில் 'கிழிசல்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, அதற்கும் வலிக்கும் சம்பந்தமே இல்லாமல் அறுவை அரங்குவரை போனவர்களை எனக்குத் தெரியும். ஊசியும் பயிற்சியும் பல மாதம் செய்தும் பலனில்லை என்றால் மயக்க மருந்து கொடுத்து உறையைத் தளர்த்துவது, நுண்துளை அறுவையில் உறையை வெட்டிவிடுவது என்ற வழிகள் இருக்கின்றன. பிரிட்டனில் 503 பேரை வைத்து நடத்தி 2020-இல் வெளியான ஆய்வில், இந்த இரண்டையும், ஊசியோடு சேர்ந்த முறையான பிசியோதெரபியையும் ஒப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் எதுவும் மற்றதைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் மேலாக நிற்கவில்லை. எளிய வழியில் தொடங்குவதற்கு அதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

எவ்வளவு நாளாகும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அம்மா கேட்பார். வலி மிகுந்த முதல் கட்டம் சில மாதங்கள் நீடிக்கும். பிறகு வலி குறைந்து விறைப்பு மட்டும் இருக்கும். அதன்பின் மெல்ல மெல்ல இளகும். மொத்தத்தில் ஒன்று முதல் மூன்று ஆண்டுகள். பெரும்பாலானவர்கள் அன்றாட வேலைகளுக்குத் திரும்பிவிடுகிறார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சற்றுக் கூடுதல் காலமாகலாம், கடைசி அளவில் கொஞ்சம் குறை தங்கிவிடவும் கூடும். சிலருக்கு அடுத்த சில ஆண்டுகளில் மற்றத் தோளிலும் வரும். இதையெல்லாம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். காலக்கெடு தெரிந்தவர்கள் இதைத் தாங்கிக்கொள்கிறார்கள். அடுத்த வாரம் சரியாகும் என்று மாதாமாதம் கேட்டவர்கள்தான் உடைந்துபோகிறார்கள்.

வீட்டுச் சுவரில் தினசரி நாட்காட்டி இருக்கும் அல்லவா? காலையில் கிழிக்கும் தாளை எறிந்துவிடாமல், அதன் பின்புறம் நேற்றிரவு அம்மா எத்தனை முறை விழித்தார், முதலில் எத்தனை மணிக்கு எழுந்தார், துண்டு வைத்தாரா, மாத்திரை எப்போது போட்டார் என்று எழுதிவையுங்கள். பத்துத் தாள்கள் சேர்ந்ததும் அவற்றை எடுத்துக்கொண்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள். முதல் தாளில் ஒன்றரை மணி என்றும் பத்தாவது தாளில் நான்கு மணி என்றும் இருந்தால், கை ஒரு விரற்கடைகூட உயராமல் இருந்தாலும், நோய் சரியான திசையில் திரும்பியிருக்கிறது. அதே ஒன்றரை மணியே நீடித்தால் ஊசியைப் பற்றிப் பேசத் தாமதிக்க வேண்டாம்.